வெல்டு ரிஜெக்ட் ஆகிறதா? வெல்டரைத் திட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

அம்பத்தூர், திருமுடிவாக்கம் பக்கம் ஜாப் ஒர்க் எடுக்கும் சின்னப் பட்டறைகளில் வெல்டு ரிஜெக்ட் ஆனால் முதல் திட்டு வெல்டருக்குத்தான் விழும். ஆனால் திரும்பி வரும் ஜாப்களைப் புரட்டிப் பார்த்தால், கோளாறு பெரும்பாலும் அவர் கையில் இருக்காது. குறியீட்டை யாரோ தப்பாகப் படித்திருப்பார்கள், ஓரத்தைச் சீவாமல் ஜாயின்ட்டைச் சேர்த்திருப்பார்கள், இல்லை என்றால் வெல்டு நிற்கவே நிற்காத பொசிஷனில் ஜாப்பைக் கிடத்தியிருப்பார்கள். அதனால் கீழே எல்லாத் தலைப்பிலும் செலவில்லாத சோதனை முதலில் வரும், அறுத்துத் திரும்பப் போடுவது கடைசியில் வரும். உங்கள் அறிகுறி எதுவோ அங்கே நேராகப் போங்கள்.

கையில் ஒரு ஃபில்லட் கேஜ் (இரண்டு பிளேட் சேரும் மூலையில் போடும் முக்கோண வெல்டான ஃபில்லட்டை அளக்கும் தகடு), ஸ்டீல் ரூல், சாக்பீஸ், டார்ச் லைட், கிரைண்டர் இருக்கட்டும். அப்புறம் டிராயிங்கின் முழுத் தாள். வாட்ஸ்அப்பில் வந்த பாதித் தாள் உதவாது; டைட்டில் பிளாக் இருக்கும் அந்தக் கீழ் மூலைதான் பாதிப் பிரச்சினையைத் தீர்க்கும்.

அறிகுறி 1: கேஜ் சரியாகக் காட்டுகிறது, ஆனால் ‘சைஸ் குறைவு’ என்று ஜாப் திரும்புகிறது

டிராயிங்கில் 5, கேஜில் 5. அப்படியும் இன்ஸ்பெக்டர் ஒத்துக்கொள்ளவில்லை. ஏற்றுமதி ஜாப் எடுக்கும் பட்டறைகளில் அடிக்கடி வரும் சண்டை இது.

*எண்ணுக்கு முன்னால் எழுத்து இருக்கிறதா?*

டிராயிங்கில் ஃபில்லட்டைக் காட்டும் முக்கோணக் குறிக்கு இடப்பக்கம் இருக்கும் எண்ணைப் பாருங்கள். அமெரிக்க முறையில், அதாவது ஏடபிள்யூஎஸ் ஏ2.4 படி வரைந்த டிராயிங்கில், அங்கே இருப்பது லெக்கின் அளவு. மூலையிலிருந்து பிளேட்டின் மேல் வெல்டு எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்பது. ஐரோப்பிய டிராயிங்குகள் ஐஎஸ்ஓ 2553 படி வரும். அதில் எண்ணுக்கு முன் சிறிய ‘இசட்’ இருந்தால் லெக், சிறிய ‘ஏ’ இருந்தால் த்ரோட். த்ரோட் என்பது மூலையிலிருந்து வெல்டின் முகத்துக்குக் குறுக்கே உள்ள கனம். இரண்டு லெக்கும் சமமாக இருந்தால் த்ரோட் லெக்கில் 0.7 பங்குதான் வரும்.

ஆகவே ‘ஏ5’ என்று இருந்தால் லெக் 7 மி.மீ.க்குக் கொஞ்சம் மேலேயே வர வேண்டும். ‘ஏ3’க்கு 4.2, ‘ஏ4’க்கு 5.7, ‘ஏ6’க்கு 8.5. இந்த நாலு எண்ணையும் வெல்டிங் பே சுவரில் பெயின்டால் எழுதிவைத்துவிடுங்கள். ‘ஏ5’ஐ 5 மி.மீ. லெக்காகப் போட்டால் கிடைக்கும் த்ரோட் மூன்றரை மி.மீ.தான். இன்ஸ்பெக்டர் திருப்பி அனுப்பியது நியாயம்.

*எழுத்தும் சரி, லெக்கும் சரி என்றால்*

வெல்டின் முகத்தைத் திரும்பிப் பாருங்கள். முகம் உள்வாங்கிக் குழிந்திருந்தால் லெக் முழுசாக இருக்கும், த்ரோட் குறைந்திருக்கும். கேஜில் த்ரோட் அளக்கும் பக்கத்தை வைத்தால் தெரிந்துவிடும். இதற்கு இன்னொரு ரன், அதாவது மேலே இன்னொரு அடுக்கு வெல்டு, போட்டு நிரப்பினால் போதும்.

அடுத்து ஃபிட்டிங்கில் விட்ட இடைவெளி. நிற்கும் பிளேட்டுக்கும் கிடக்கும் பிளேட்டுக்கும் நடுவே 2 மி.மீ. சந்து இருந்தால், வெளியே தெரியும் லெக்கில் அந்த 2 மி.மீ. கணக்கில் வராது. சந்து 1.6 மி.மீ.க்கு மேல் போனால் சந்தின் அளவு முழுவதையும் லெக்கில் கூட்டச் சொல்கிறது ஏடபிள்யூஎஸ் டி1.1 என்ற அமெரிக்க வெல்டிங் விதிமுறை. டேக் (பிளேட்டைப் பிடித்துவைக்கும் சின்னப் புள்ளி வெல்டு) போட்ட பிறகு, முழு வெல்டு போடுவதற்கு முன், ஃபீலர் கேஜையோ ஹேக்ஸா பிளேடையோ சந்தில் விட்டுப் பார்ப்பதுதான் இதற்கு மருந்து. வெல்டு மூடிய பிறகு யாராலும் பார்க்க முடியாது.

ஒரு பிளேட் மேல் இன்னொன்று ஏறிக் கிடக்கும் லேப் ஜாயின்ட்டில் ஒரு கண்கட்டு வித்தை உண்டு. 6 மி.மீ. பிளேட்டின் ஓரத்தில் 6 மி.மீ. ஃபில்லட் போடும்போது மேல் ஓரம் உருகிக் கரைந்துவிடும். அப்புறம் லெக் எங்கே முடிகிறது என்று கேஜுக்கே தெரியாது. அதனால்தான் சதுர ஓரத்தில் பிளேட்டின் கனத்தைவிட ஒன்றரை மி.மீ. குறைவாக வைக்கச் சொல்கிறார்கள். ஓரம் கத்தி மாதிரி கூர்மையாக நிற்க வேண்டும்.

*‘எதற்கும் இருக்கட்டும்’ என்று பெரிதாகப் போட்டிருந்தால்*

6 கேட்ட இடத்தில் 8 போட்டால் உலோகம் முக்கால் பங்குக்கு மேல் கூடுதலாகப் போகிறது, ஏனென்றால் கணக்கு வர்க்கத்தில் ஏறும். ராடு, கரண்ட், நேரம் மூன்றும் வீண். போதாக்குறைக்கு ஜாப் வளையும். அறிகுறி 6 அதைப் பற்றித்தான்.

*எப்போது ஆளைக் கூப்பிடுவது:* டிராயிங்கில் எழுத்தும் இல்லை, எந்த ஸ்டாண்டர்டு என்றும் இல்லை என்றால் ஊகிக்காதீர்கள். டிராயிங் கொடுத்தவரிடம் மெயிலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். போனில் ‘ஓகே ஓகே’ என்று சொன்னது ரிஜெக்‌ஷன் நேரத்தில் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

அறிகுறி 2: வெல்டு தப்பான பக்கத்தில் விழுந்திருக்கிறது

*டிராயிங்கில் கோடு ஒன்றா, இரண்டா?*

வெல்டு குறி உட்காரும் படுக்கைக் கோடுதான் ரெஃபரன்ஸ் கோடு. அது ஒன்றே ஒன்று என்றால் அமெரிக்க முறை. கோட்டுக்குக் கீழே குறி இருந்தால் அம்பு தொடும் பக்கம், மேலே இருந்தால் எதிர்ப்பக்கம், இரண்டிலும் இருந்தால் இரு பக்கமும். முழுக் கோட்டோடு ஒரு புள்ளிக் கோடும் ஓடினால் ஐஎஸ்ஓவின் ஏ முறை. அங்கே மேல் கீழ் பார்க்கக் கூடாது. குறி முழுக் கோட்டில் உட்கார்ந்திருந்தால் அம்புப் பக்கம், புள்ளிக் கோட்டில் உட்கார்ந்திருந்தால் எதிர்ப்பக்கம். இரு பக்கமும் ஒரே மாதிரி வெல்டு என்றால் புள்ளிக் கோட்டை வரையாமலே விட்டுவிடுவார்கள். ஐஎஸ்ஓவிலேயே பி முறை என்று ஒன்று உண்டு, அது அமெரிக்க முறை மாதிரியே ஒற்றைக் கோட்டில் வரும். குழப்பம்தான். டைட்டில் பிளாக் மூலை வேண்டும் என்றது இதற்காகத்தான்.

*எதிர்ப்பக்கம் என்றால் எது?*

அதே ஜாயின்ட்டின் மறுபக்கம். பாக்ஸின் அந்தக் கோடியில் இருக்கும் வேறொரு ஜாயின்ட் இல்லை. புதுசாகச் சேர்ந்த ஃபிட்டர் தம்பிகள் இதில் கட்டாயம் தடுமாறுவார்கள். டேக் போடும் போதே சாக்பீஸால் ஜாப்பின் மேல் ‘அம்பு’ என்றும் ‘எதிர்’ என்றும் எழுதச் சொல்லுங்கள். சிரிப்பார்கள், பரவாயில்லை.

முக்கோணம் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். அதன் செங்குத்துக் கோடு எப்போதும் இடப்பக்கம்தான் இருக்கும். அதற்கும் வெல்டு விழும் பக்கத்துக்கும் சம்பந்தமே கிடையாது.

*சீவ வேண்டிய பிளேட்டுக்குப் பதில் மற்றதைச் சீவிவிட்டார்கள்*

ஒற்றைப் பெவல் ஜாயின்ட்டில் ஒரு பிளேட்டைத்தான் சீவ வேண்டும். அம்பின் கோடு நேராகப் போகாமல் நடுவில் முறிந்து போயிருந்தால், முனை எந்தப் பிளேட்டைக் காட்டுகிறதோ அதைச் சீவ வேண்டும். டிராயிங்கை ஜெராக்ஸ் எடுத்துச் சின்னதாக்கினால் அந்த முறிவு மறைந்துபோகும்.

*கொடியும் வட்டமும்*

அம்பும் ரெஃபரன்ஸ் கோடும் சேரும் முனையில் சின்ன வட்டம் இருந்தால் சுற்றிலும் வெல்டு. அதே முனையில் கொடி இருந்தால் அந்த வெல்டைப் பட்டறையில் போடக் கூடாது, சைட்டில்தான் போட வேண்டும். கொடியைக் கவனிக்காமல் இரும்புப் படிக்கட்டு முழுவதையும் பட்டறையிலேயே சேர்த்துவிட்டு, திருவல்லிக்கேணிச் சந்துக்குள் வண்டி திரும்பாமல் அறுத்து எடுத்துப்போன கதை இந்தத் தொழிலில் யாரிடம் கேட்டாலும் கிடைக்கும்.

*இப்போது என்ன செய்வது?* சரியான பக்கத்திலும் ஒன்று போட்டுவிட்டால் போச்சு என்று தோன்றும். கேட்காமல் போடாதீர்கள். தப்பாக விழுந்த வெல்டு இன்னொரு பாகம் வந்து உட்காரும் முகத்தில் இருக்கலாம். டிசைனர் விட்டுவிடலாம் என்று எழுதிக் கொடுத்தால் விடுங்கள். இல்லையென்றால் கிரைண்டரால் எடுக்க வேண்டும். கனமான பிளேட்டில் ஆர்க் கவுஜிங் (ஆர்க்கால் உருக்கிக் காற்றால் ஊதித் தள்ளுவது) வேண்டியிருக்கும். அந்த மெஷின் இல்லாத பட்டறை அங்கேயே வெளி ஆளைக் கூப்பிடலாம்.

அறிகுறி 3: விட்டுவிட்டுப் போடும் வெல்டில் எண்ணிக்கை இடிக்கிறது

குறிக்கு வலப்பக்கம் ‘50-150’ என்று இருந்தால் அமெரிக்க முறையில் 50 மி.மீ. நீள வெல்டு, ஒன்றின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 150. அதாவது இடைவெளி 100. ஐஎஸ்ஓவில் எண்ணிக்கை, நீளம், அப்புறம் அடைப்புக்குறிக்குள் ஒரு எண் வரும். அந்த எண் வெல்டுகளுக்கு இடையே விட வேண்டிய வெறும் இடம். 1200 மி.மீ. நீளத்தில் முதல் முறைப்படி 8 துண்டு வரும். அதே 150ஐ வெறும் இடமாக எடுத்துக்கொண்டால் 6தான் வரும். ரூலால் ஒரு தடவை அளந்தால் எந்தப் பிழை என்று தெரிந்துவிடும். குறைந்த துண்டுகளைச் சேர்த்துப் போட்டால் வேலை முடிந்தது. இதற்கு ஆள் வேண்டாம்.

அறிகுறி 4: பட் ஜாயின்ட் மேலே அழகாக இருக்கிறது, வளைத்தால் பிளக்கிறது

பட் ஜாயின்ட் என்றால் இரண்டு பிளேட்டை ஓரத்தோடு ஓரம் சேர்ப்பது. முதலில் உடைந்த முகத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். அடிப்பகுதியில் கட்டிங் வீல் இழுத்த மெல்லிய இணைகோடுகள் இன்னும் இருக்கின்றனவா? இருந்தால் அந்த இடம் உருகவே இல்லை. வெல்டு மேலே ஒரு தோல் மாதிரி மட்டும் பிடித்திருக்கிறது. கோடுகள் இல்லாமல் கண்ணாடி மாதிரி கறுத்துப் பளபளக்கும் திட்டுகள் இருந்தால் ஸ்லாக், அதாவது ராடின் பூச்சு உருகி உறைந்த கசடு, உள்ளே மாட்டியிருக்கிறது. இந்த இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

*கோடுகள் இருந்தால்*

1. இரண்டு பிளேட்டையும் ஒட்டி வைத்து வெல்டு போட்டார்களா? 3 மி.மீ. வரை சீவாமல் ஒரு பக்கம் மட்டும் போட்டு ஒப்பேற்றலாம், அதற்கும் ஒரு சந்து வேண்டும். 5, 6 மி.மீ. வரை இரு பக்கமும் போட்டால் தாங்கும். அதற்கு மேல் சீவாமல் ஆகாது.
2. சீவியிருந்தால் கோணம் எவ்வளவு? ஸ்டிக் வெல்டிங்கில் ஒற்றை வி ஜாயின்ட்டுக்கு மொத்தம் 60 டிகிரி, கீழே 2 முதல் 3 மி.மீ. சந்து, ஓரத்தில் ஒன்றரை மி.மீ. மூக்கு என்பது வழக்கமான கணக்கு. கோணம் குறுகினால் ராடு அடிவரைக்கும் எட்டாது.
3. முதல் ரன்னுக்கு என்ன ராடு? எட்டாம் நம்பர் ராடு, அதாவது 4 மி.மீ., வி-யின் அடியில் இறங்காது. 2.5 மி.மீ.யில் ரூட், அதாவது அடி ரன், போட்டுவிட்டு மேலே பெரிய ராடுக்குப் போகலாம். 2.5க்கு 60 முதல் 90 ஆம்பியர், 3.15க்கு 90 முதல் 130 என்பது பொதுக் கணக்கு. பாக்கெட்டில் அச்சிட்டிருப்பது வேறு என்றால் பாக்கெட் சொல்வதே சரி.
4. இரு பக்க வெல்டு என்றால், இரண்டாம் பக்கம் போடுவதற்கு முன் பின்பக்கத்தைக் கிரைண்டரால் தோண்டி வெள்ளை உலோகம் தெரியும் வரை எடுத்தார்களா? ‘நேரமில்லை அண்ணே’ என்று முதலில் விட்டுவிடுவது இந்த வேலையைத்தான்.
5. பின்பக்கம் கையே போகாத இடம் என்றால் பேக்கிங் பட்டை வைத்துச் சந்தை 5, 6 மி.மீ. ஆக்குங்கள். டிராயிங்கில் அதற்கு அனுமதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

*பளபளப்புத் திட்டு இருந்தால்* ஒவ்வொரு ரன்னுக்கும் நடுவே சிப்பிங் சுத்தியும் வயர் பிரஷ்ஷும் ஓடவில்லை. முந்தைய ரன் நடுவில் புடைத்து ஓரம் பள்ளமாக இருந்தால் ஸ்லாக் அந்தப் பள்ளத்தில்தான் ஒளியும். அடுத்த ரன்னுக்கு முன் கிரைண்டரால் சமமாக்குங்கள்.

*எப்போது ஆள்:* வெளியே போன ஜாப்பில் ஒன்று இப்படி உடைந்தால், அதே நாளில் போட்ட மற்றதெல்லாம் சந்தேகத்துக்குரியதே. அல்ட்ராசானிக் சோதனை செய்யச் சொல்லுங்கள். அம்பத்தூரிலும் கிண்டியிலும் இதற்கு டெஸ்டிங் லேப்கள் இருக்கின்றன. டை பெனிட்ரன்ட், அதாவது சாயம் தடவிப் பார்க்கும் சோதனை, இதற்கு உதவாது. மேற்பரப்பு வரை திறந்திருக்கும் கோளாறைத்தான் அது காட்டும்.

அறிகுறி 5: மேஜையில் நன்றாக வருகிறது, சைட்டில் வழிகிறது

*ஜாப்பைத் திருப்ப முடியுமா?* முடிந்தால் திருப்புங்கள். இதைவிட மலிவான வழி கிடையாது. பொசிஷன் எண்ணில் 1 என்றால் கிடை, 2 என்றால் சுவரில் படுக்கை வாட்டம், 3 செங்குத்து, 4 தலைக்கு மேல். பின்னால் ‘எஃப்’ வந்தால் ஃபில்லட், ‘ஜி’ வந்தால் குரூவ், அதாவது பிளேட்டுகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தை நிரப்பும் வெல்டு. ஐரோப்பிய டிராயிங்கில் கிடைக்கு பிஏ, செங்குத்தாக மேலே ஏறுவதற்கு பிஎஃப், கீழே இறங்குவதற்கு பிஜி, தலைக்கு மேல் குரூவுக்கு பிஇ என்று வரும்.

*ராடு அந்தப் பொசிஷனுக்கு ஆனதா?* ராடின் அமெரிக்க எண்ணில் கடைசிக்கு முந்தைய இலக்கத்தைப் பாருங்கள். 6013, 7018 இரண்டிலும் அது 1, எல்லாப் பொசிஷனிலும் ஓடும். 7024இல் அது 2. கிடையிலும் படுக்கை ஃபில்லட்டிலும் மட்டும்தான். அந்த ராடைச் செங்குத்தில் பிடித்தால் உலோகம் திராட்சைக் கொத்தாகத் தொங்கும், யார் பிடித்தாலும்.

*கரண்ட்:* கிடைக்கு வைத்திருந்ததிலிருந்து 10, 15 சதவீதம் குறையுங்கள், ராடை 3.15க்கு மேல் எடுக்காதீர்கள். நீள லீடு இழுத்திருந்தால் எர்த் கிளாம்பைப் பாருங்கள். துருப்பிடித்த கம்பியில் கவ்வியிருந்தால் செட்டிங்கை எத்தனை திருகினாலும் ஆர்க் நிலைக்காது.

*செங்குத்தில் மேலிருந்து கீழே இறங்கினார்களா?* மெல்லிய ஷீட்டுக்குச் சரி. 6 மி.மீ. பிளேட்டில் பார்க்க வழுவழுவென்று இருக்கும், உள்ளே பிடித்திருக்காது. கீழிருந்து மேலே போகச் சொல்லுங்கள்.

*எப்போது ஆள்:* திருப்ப முடியாத பைப் என்றால். 1ஜி-யில் டெஸ்ட் தேறிய வெல்டரைச் சாய்ந்து நிற்கும் பைப்பில் ஏற்றுவது அவருக்கும் அநியாயம். சாய்ந்த பைப்புக்கான 6ஜி டெஸ்ட் தேறியவரைக் கூப்பிடுங்கள். கூலி அதிகம்தான், ஆனால் கிரேனை இரண்டாம் முறை வரவழைக்கும் செலவு அதைவிட அதிகம்.

அறிகுறி 6: ஜாப் வளைந்துவிட்டது

வெல்டு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் இழுக்கும். முதலில் சைஸ் கூடிப்போயிற்றா என்று கேஜ் வையுங்கள், பல நேரம் அதுவேதான் காரணம். அடுத்து வரிசை. ஒரு கோடியில் ஆரம்பித்து மறு கோடி வரை ஒரே மூச்சில் ஓட்டினால் வளையாமல் என்ன செய்யும்? இரு பக்கமும் மாற்றி மாற்றி, ஒவ்வொரு துண்டையும் பின்னோக்கி இழுத்துப் போட வேண்டும். டி ஜாயின்ட்டில் ஒரு பக்கம் மட்டும் ஃபில்லட் இருந்தால், நிற்கும் பிளேட்டை இரண்டு, மூன்று டிகிரி எதிர்ப்பக்கம் சாய்த்து டேக் போடுங்கள், இழுத்த பின் நேராகிவிடும். கனமான பட் ஜாயின்ட்டில் ஒற்றை வி-க்குப் பதில் இரட்டை வி கேட்டுப் பாருங்கள், உலோகமும் பாதியாகும். வளைந்ததைக் கேஸ் டார்ச்சால் சூடுபோட்டு நிமிர்த்துவது அனுபவசாலியின் வேலை. லோடு தாங்கும் பீமில் பட்டறைக்குள் பரீட்சை பண்ணாதீர்கள்.

அறிகுறி 7: குண்டூசி ஓட்டைகள்

சுத்தமாகக் கிரைண்ட் பண்ணிய ஒரு வெட்டுத் துண்டில் அதே ராடால் ஒரு விரல் நீளம் போட்டுப் பாருங்கள்.

அங்கே ஓட்டை இல்லை என்றால் ஜாப்பில் இருக்கிறது வினை: ரெட் ஆக்சைடு, துரு, எண்ணெய், இல்லை என்றால் ஜிஐ, அதாவது துத்தநாகப் பூச்சு. ஓரத்திலிருந்து ஓர் அங்குலம் உரித்துவிட்டுப் போடுங்கள். ஜிஐ புகையை மூச்சில் இழுத்தால் ராத்திரி குளிரும் காய்ச்சலுமாகப் படுக்க வேண்டியதுதான்.

அங்கேயும் ஓட்டை என்றால் ராடு நமத்திருக்கிறது. சென்னைக் காற்றில், அதுவும் ஐப்பசி கார்த்திகை மழையில், பிரித்த பாக்கெட்டைத் தரையில் வைத்தால் போதும். 7018 ராடை 300 முதல் 350 டிகிரியில் ஒன்றிரண்டு மணி நேரம் சுட்டு, சூடான ஹோல்டிங் அடுப்பில் வைத்து எடுக்க வேண்டும். 6013ஐ அவ்வளவு சூட்டில் வைத்தால் பூச்சு கெட்டுப்போகும், 100 டிகிரி சுமார் போதும். வெயிலில் காயவைத்தால் 7018 சரியாகாது.

சிஓ2 வெல்டிங் என்றால் முதலில் பெடஸ்டல் ஃபேனை நிறுத்திப் பாருங்கள், வெல்டை மூடிக் காக்கும் கேஸை அதன் காற்று விரட்டிவிடும். மே மாத ரிஜெக்‌ஷனுக்கு முக்கால்வாசி நேரம் அந்த ஃபேன்தான் காரணம்.

அறிகுறி 8: வெல்டு நன்றாகத்தான் இருக்கிறது, ஜாயின்ட் துருவில் பிதுங்குகிறது

எண்ணூர், பெசன்ட் நகர் மாதிரிக் கடலோர இடங்களில் லேப் ஜாயின்ட்டில் இடைவெளி விட்டு விட்டு வெல்டு போட்டால் உப்புத் தண்ணீர் நடுவில் இறங்கி, துரு உப்பிப் பிளேட்டைத் தள்ளும். பெயின்ட் மேல் பெயின்ட் அடித்துப் பிரயோஜனமில்லை. சந்து சின்னது என்றால் சுத்தம் செய்து சுற்றிலும் மூடுங்கள். ஆனால் ஹாட் டிப் கால்வனைஸ் பண்ணப் போகும் ஜாப்பைக் காற்றுத் துளை இல்லாமல் முழுசாக மூடக் கூடாது, துத்தநாகத் தொட்டியில் வெடிக்கும். புதுசாகச் செய்தால் அந்த இடத்தில் லேப்பே வேண்டாம், பட் போடுங்கள்.

அறிகுறி 9: விரிசல்

*ரன் முடியும் குழியில் மட்டும் நட்சத்திரம் மாதிரி இருந்தால்:* ராடைச் சட்டென்று எடுத்திருக்கிறார்கள். குழியைக் கிரைண்ட் பண்ணி, திரும்ப நிரப்பி, கொஞ்சம் பின்னால் இழுத்து முடிக்கச் சொல்லுங்கள்.

*வெல்டின் நடுவே நீளவாக்கில் போனால்:* கனமான பிளேட்டில் சின்ன ஃபில்லட் போட்டார்களா பாருங்கள். ஐஎஸ் 800:2007 என்ற இந்திய ஸ்டாண்டர்டு படி, இரண்டில் கனமான பிளேட் 10 மி.மீ. வரை என்றால் குறைந்தது 3 மி.மீ. ஃபில்லட், 10க்கு மேல் 20 வரை 5, அதற்கு மேல் 32 வரை 6. சின்ன வெல்டு பெரிய பிளேட்டில் சட்டென்று ஆறி வெடிக்கும்.

*வெல்டை ஒட்டிப் பிளேட்டில் வந்தால்:* நிறுத்துங்கள். புதுப்பேட்டையில் வாங்கிய பழைய ஆக்சில், ஸ்பிரிங் பட்டை, பெயர் தெரியாத ஷாஃப்ட் எல்லாம் கார்பன் ஏறிய இரும்பாக இருக்கும். முன்சூடு இல்லாமல் போட்டால் இன்றைக்கு நிற்கும், நாளைக் காலையில் பிளந்திருக்கும்.

இந்தக் கடைசி வகைக்கும், பாய்லர், பிரஷர் வெசல், லிஃப்ட், கிரேன் ஹூக், லாரி சேஸிஸ் இவற்றில் வரும் எந்த விரிசலுக்கும் தகுதி பெற்ற வெல்டிங் இன்ஸ்பெக்டரைத்தான் கூப்பிட வேண்டும். பாய்லர் வேலையைச் சட்டப்படி அதற்கென்று சான்றிதழ் வாங்கிய வெல்டர்தான் தொடலாம். டீசல் டேங்க், காலி டிரம் என்று வந்தால் விரிசல் எவ்வளவு சின்னது என்றாலும் பட்டறைக்குள்ளேயே விடாதீர்கள்.

இன்ஸ்பெக்டர் வரும்போது டிராயிங், அன்றைக்குப் பிரித்த ராடு பாக்கெட், பிளேட் வாங்கிய பில், மூன்றையும் எடுத்து வையுங்கள். விரிசலின் இரண்டு முனையையும் சாக்பீஸால் குறித்து போட்டோ எடுங்கள். அவர் வரும் வரை அதன்மேல் கிரைண்டர் வைக்காதீர்கள். தேய்த்துவிட்டால் விரிசல் எங்கே ஆரம்பித்தது என்று அவராலும் சொல்ல முடியாது.